லிபரல் அண்ணையின் புடலம் பந்தல்

"உங்களுக்கு வேறை வேலை இல்லையோ? பக்கத்துத் தோட்டத்திலை இருந்த மனுசன் ஆர், என்ன செய்தவர், ஏன் போனவர் எண்டு அறிஞ்சு கறியோ வைக்கப் போறியள்?"

கேட்கிறவர்களை எல்லாம் முதலில் இப்படி ஏசிவிடுவேன். விடுப்பு அறிய, ஊர்க்கதை கேட்க வருகிற ஆட்களை ஒருமுறையாவது ஏசாவிட்டால் கதைக்கு மரியாதை இல்லை. ஏசியாகிவிட்டது. இனி உட்காருங்கள். கதிரையில் ஈரம் இருக்கிறது, பார்த்து.

பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். தன்னைப் பற்றிய தகவல் தன் சொத்து என்று கண்போலக் காத்த மனிதர் அவர். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போன மனைவியிடம், "கேக்கிலை பேரும் வயதும் எழுதுவிக்காதை. கடைக்காரனுக்கு என்ரை வயது என்னத்துக்கு?" என்று சண்டை பிடித்தவர். அந்த வருடம் வெறும் கேக்கில் ஒரு மெழுகுதிரி மட்டும் நின்றது. இப்போது பான் நகரப் பக்கம் மகள் வீட்டுக்குக் கிட்டப் போய் இருக்கிறார். இந்தக் கதையில் பெயர் வந்தால் ரயில் ஏறி வந்து சண்டை பிடிப்பார்.

ஹனோவரின் இந்த ஓரத்தில், ரயில் பாதைக்கு அருகே, மாடிவீட்டு ஆட்களுக்குத் துண்டுநிலம் வாடகைக்கு விடுகிற எங்கள் தோட்டச் சங்கத்தில் நாலு தமிழ்க் குடும்பங்களுக்குத் தோட்டம் இருந்தது. அவருடையது எனக்கு இடப்பக்கம். என்னைவிட வயதில் இளையவர், ஆனாலும் நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இது சரியில்லையே என்று ஒருநாள் கேட்டேன். "ஆர் ஆரை எப்பிடிக் கூப்பிட வேணும் எண்டு சட்டமோ இருக்கு? உங்கடை வாய், உங்கடை விருப்பம்" என்றார். அதுதான் அவர். முழு மனிதரும் அந்த ஒரு பேச்சுக்குள் அடங்குவார். அவரவர் வேலி, அவரவர் விருப்பம்.

ஜெர்மன் குடியுரிமை கிடைத்து முதல்முறை வாக்குப் போட்டுவிட்டு வந்த அன்று, வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடியே, "இண்டையிலிருந்து நான் லிபரல்" என்றாராம்.

மனைவி குசினிக்குள் இருந்து கேட்டாளாம்: "அதுக்கு மருந்து ஏதும் எழுதித் தந்தவையோ?"

அன்றிலிருந்து எங்கள் ஆட்களிடையே அவருக்கு லிபரல் அண்ணை என்றே பெயர். அது என்ன சாமான் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. ஏதோ பெரிய உத்தியோகம் என்று நான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அபிராமிதான் விளக்கினாள். அவள் மதுரைப் பிள்ளை. இங்கே கணினிக் கம்பனியில் வேலை, எங்கள் மாடிக்கு மேல் மாடியில் குடியிருப்பு. சனிக்கிழமைகளில் கீரை பிடுங்க என் தோட்டத்துக்கு வருவாள். பிடுங்குவது கொஞ்சம், பேசுவது மிச்சம். அப்படி ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணையைப் பார்த்துத் தொடங்கினாள்.

"அங்கிள், லிபரல்ங்கற வார்த்தை ஊருக்கு ஒரு சட்டை மாட்டிக்கும். இங்க ஜெர்மனில லிபரல்னா, கவர்மெண்ட் பிசினஸ்ல மூக்கை நுழைக்காதே, டேக்ஸைக் குறைன்னு கேக்கறவங்க. அதே ஆள் அமெரிக்கா போய் நான் லிபரல்னு சொன்னா, ஏழைங்களுக்கு ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு கவர்மெண்ட் நல்லா செலவு பண்ணணும்னு கேக்கறவர்னு நினைப்பாங்க. அப்புறம் பாலிடிக்ஸ்ல ஒண்ணு இருக்கு. ஒருத்தர் என்ன கும்பிடறார், என்ன பேசறார், யாரைக் கட்டிக்கறார்னு எவனும் கேக்கக் கூடாதுங்கறது. வேர் ஒண்ணுதான், கிளைதான் திசைக்கு ஒண்ணா போயிடுச்சு."

"அப்ப நான் எந்தக் கிளையிலை இருக்கிறன்?"

"நீங்க எல்லாத்தையும் போட்டுக் கலக்கின சாம்பார் அங்கிள்."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "சாம்பாரோ? கூழ் எண்டு சொல்லு பிள்ளை. அதுக்குள்ளை மீனும் போடலாம்."

மீன் என்றதும் அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வருகிறது. மீன்குழம்பு வைக்கிற நாளில் மீன் தலைக்கு இரண்டு மகன்களும் அடிபடுவார்கள். மற்ற வீடுகளில் தகப்பன் ஒரு அதட்டல் போட்டு முடிவு சொல்வார். இவர் சொல்ல மாட்டார். "நான் ஆர் தீர்ப்புச் சொல்ல? சந்தை தீர்மானிக்கட்டும்" என்று ஏலம் போடுவார். ஒருவன் சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிறேன் என்பான். மற்றவன் கோப்பையும் கழுவிக் குப்பையும் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்பான். முதல்வன் ஜன்னல் துடைப்பதற்கு ஏறுவான். நான் போயிருந்த அன்று ஏலம் கழிப்பறை வரைக்கும் வந்துவிட்டது. அவருடைய மனைவி வந்து, சட்டியில் கையை விட்டு, தலையைத் தன் கோப்பையில் போட்டுச் சப்பத் தொடங்கினாள்.

"அரசாங்கம் தலையிட்டிட்டுது" என்றார் அண்ணை, மிகவும் துக்கமாக.

"ஓம். கோப்பையையும் நீங்கள்தான் கழுவ வேணும்" என்றது அரசாங்கம்.

மூத்தது பெட்டை. படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு ஒருநாள் ஒரு ஜெர்மன் பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் சனத்துக்குக் கதைக்கப் புதினம் கிடைத்துவிட்டது. வெள்ளைக்காரனாமே, சமயம் என்னவாம், சாதி இல்லாத ஆட்களாமே என்று கோயிலிலும் தேவாலயத்திலும் ஒரே கதை. லிபரல் அண்ணை இப்போது என்ன செய்வார் பார்ப்போம் என்று எல்லோரும் காத்திருந்தோம். நானும்தான். பொய் சொல்வானேன்.

அவர் என் வேலியோரம் வந்து நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, வெள்ளையோ கறுப்போ எனக்கு ஒண்டுமில்லை. அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கும்பிடாட்டிலும் எனக்கு ஒண்டுமில்லை. ஆனா..."

"ஆனா என்ன அண்ணை?"

"அவன் வரிக் கந்தோரிலை வேலை செய்யிறான் அக்கா."

நான் தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க வரி என்ற சொல்லைக் கேட்டாலே பல்லைக் கடித்த மனிதர். இப்போது வரி அலுவலகமே மருமகனாக வந்து கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறது. பொருளாதாரக் கிளை ஒரு பக்கம் இழுக்க, அரசியல் கிளை மறுபக்கம் இழுக்க, அந்த மனிதர் நடுவில் நின்று வேர்த்தார். கடைசியில் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்: "அவளின்ரை வாழ்க்கை, அவளின்ரை விருப்பம். கலியாணச் சாப்பாட்டிலை என்ரை பந்தல் புடலங்காய் இருக்கும் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

அந்தப் பந்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டு வெயிலுக்குப் புடலை வராது என்று எல்லோரும் சொன்னோம். அவர் வீட்டு ஜன்னலோரம் விதையை முளைக்கவைத்து, குளிர் போனதும் கொண்டுவந்து நட்டு, ஆளுயரத்துக்கும் மேலே கம்பி கட்டி ஏற்றிவிட்டார். அந்தக் கோடை நல்ல வெக்கை. கொடி பைத்தியம் பிடித்தது போல ஓடியது. பிஞ்சுகள் தொங்கத் தொடங்கியதும், எங்கள் ஆட்கள் செய்கிற மாதிரியே, ஒவ்வொன்றின் நுனியிலும் நூலில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணை, உலகத்திலை எல்லாரையும் தன்பாட்டிலை விடச் சொல்லுறியள். இந்தப் புடலங்காயை மட்டும் ஏன் கல்லுக் கட்டி இழுக்கிறியள்?"

"விட்டால் சுருண்டு போகும் அக்கா. நேரா வளர ஒரு சின்னப் பாரம், அவ்வளவுதான்."

"அதைத்தானே வரிக் கந்தோரும் சொல்லுது."

அவர் அடுத்த கல்லை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

பந்தலுக்கு மறுபக்கத்துத் தோட்டம் ஒரு ஜெர்மன்காரருடையது. தனி ஆள், சிவந்த முகம், எவரோடும் ஒத்துப்போகாதவர். வேலி நெடுக மூங்கில் வளர்த்திருந்தார். மூங்கில் சங்கத்தில் தடை, வேர் எல்லாத் தோட்டத்துக்குள்ளும் ஓடிவிடும் என்று. போதாததற்குத் தன் வாசல் படலையில் ஒரு பலகையும் மாட்டியிருந்தார். 'இங்கே செடிகளைவிடச் சட்டங்கள் நன்றாக வளர்கின்றன' என்று எழுதியிருந்ததாம். சங்கத் தலைவி அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள்.

சட்டத்தை இப்படி நக்கல் அடிக்கிற மனிதர்தான் எங்கள் அண்ணையின் பந்தலைச் சங்கத்தில் போய்ச் சொல்லிக்கொடுத்தார். பந்தல் உயரம் கூடிவிட்டது, தன் சாய்கதிரைக்கு வெயில் வரவில்லை, கல்லுகள் வேறு தொங்குகின்றன, தலையில் விழும் என்று. சங்கத்திலிருந்து தகவல் வந்தது: உயரத்தைக் குறை, அல்லது தோட்டத்தை விடு. பூவும் பிஞ்சும் முழுக்க மேல்பாதியில். கலியாணத்துக்கு இன்னும் கொஞ்சக் கிழமைதான்.

"நீங்களும் போய் அந்த மூங்கிலைச் சொல்லிக் குடுங்கோவன்" என்று மனைவி கத்தினாள். "ரெண்டு நாளிலை வழிக்கு வருவான்."

"அவன்ரை வேலிக்குள்ளை அவன்ரை மூங்கில். ஒருத்தனைக் காட்டிக் குடுத்து எனக்கு ஒரு சுதந்திரம் வேண்டாம். நான் நேரை போய்ப் பேசிப் பாக்கிறன். ரெண்டு பேர் பேசித் தீர்க்கிறதுக்குச் சங்கம் என்னத்துக்கு?"

போனார். கையில் ஒரு தட்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ். நான் அண்ணையின் தோட்டத்துக்குள் போய், மூங்கில் இடுக்கால் பார்த்தபடி வேலிக்கு இந்தப் பக்கம் களை பிடுங்கினேன். அந்த இடத்தில் களை இல்லை, இருந்தாலும் பிடுங்கினேன். ஜெர்மன் எனக்குப் பாதி விளங்கும், மீதியை முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வேன். மூங்கில்காரர் ஒன்றன்பின் ஒன்றாக ரோல்ஸ் தின்றார். அண்ணை மழையைப் பற்றிப் பேசினார், தக்காளியைப் பற்றிப் பேசினார். பிறகு நெஞ்சில் கையை வைத்து, மிகவும் பெருந்தன்மையாக, "உங்களுக்கு இவ்வளவு இடைஞ்சல் என்றால், பந்தலில் பாதியை வேண்டுமானாலும் வெட்டிவிடுகிறேன்" என்றார்.

நம்முடைய ஆட்களுக்குத் தெரியும் இதற்கு என்ன பதில் என்று. ஒரு வீட்டில் இருந்து எழும்பி "போட்டு வாறம்" என்றால், "என்ன அவசரம், இருங்கோ" என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். பாதியை வெட்டுகிறேன் என்றால், "சீச்சீ, பாதி என்னத்துக்கு, ஓரத்திலை கொஞ்சம் போதும்" என்று எதிராளி சொல்ல வேண்டும். பிறகு இவர் கொஞ்சம், அவர் கொஞ்சம் என்று இறங்கி ஏறி ஒரு இடத்தில் நிற்க வேண்டும்.

மூங்கில்காரர் கையைத் துடைத்தார். "குட்" என்றார். "பாதி. சம்மதம்." கையை நீட்டினார்.

அண்ணையின் கை தன்பாட்டில் போய் அந்தக் கையைப் பிடித்தது. முகம் மட்டும் பின்னால் நின்றுவிட்டது. சங்கக் கூட்டம் முடிந்த மறுநாள் வெட்டுவதாக நாளும் குறித்துவிட்டார் அந்த மனிதர். காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ரோல்ஸ் நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

"வாய் தவறிச் சொல்லிப் போட்டன் எண்டு போய்ச் சொல்லுங்கோ" என்று மனைவி அழுதாள். நானும் சொன்னேன். அவர் அசையவில்லை.

"ஆரும் கத்தியைக் காட்டிச் சொல்ல வைக்கேல்லை. நானாச் சொன்னன், நானாக் கை குடுத்தன். ஒப்பந்தத்திலை அரசாங்கம் கை வைக்கக் கூடாது எண்டு இவ்வளவு நாளும் கத்திப் போட்டு, நானே கை வைக்கிறதோ?"

"அப்ப கலியாணத்துக்கு?"

அவர் பந்தலுக்குக் கீழே போய் நின்று மேலே பார்த்தபடி இருந்தார். அந்த மனிதரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராதது அந்த ஒருமுறைதான்.

சங்கக் கூட்டத்தன்று மண்டபம் நிறைய ஆட்கள். தலைவி ஒரு புதுச் சங்கதியைக் கொண்டுவந்தாள். மூங்கில்காரரைச் சங்கத்தை விட்டே நீக்க வேண்டும். தடை செய்த செடி, அவமதிக்கிற பலகை, எல்லோரோடும் சண்டை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி இனிமையாக ஒரு வார்த்தை சொன்னாள்: அவர் போய்விட்டால் பந்தல் பற்றி முறையிட ஆளில்லை, இந்த வருடம் அதைப் பார்க்காமல் விட்டுவிடலாம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆள் போனால் ஒப்பந்தமும் போகும், பந்தல் நிற்கும். தமிழ்க் குடும்பங்கள் நாலும் கை உயர்த்தினால் ஆள் வெளியே. நான் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாரானேன்.

அண்ணை எழும்பினார். என் பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"'இந்த மனுசனை எனக்குப் பிடிக்காது' எண்டுறார். அப்பாடா. 'இவர் என்னைக் காட்டிக் குடுத்தவர்' எண்டுறார். நல்லாச் சொல்லுங்கோ. 'இவர் போனால் எனக்கு லாபம்' எண்டுறார். ஓம், ஓம். ஐயோ அக்கா, 'ஆனா' எண்டிட்டார். கெட்டுது."

"பிறகு?"

"'மூங்கில் வேர் மற்றவன்ரை காணிக்குள்ளை போனால் வேரை வெட்டச் சொல்லுங்கோ. ஆளை வெட்டாதேங்கோ' எண்டுறார். 'அந்தப் பலகையிலை இருக்கிறது எனக்கும் பிடிக்கும், இவர் மாட்டாட்டி நான் மாட்டியிருப்பன்' எண்டுறார். சனம் சிரிக்குது, பாருங்கோ. 'வாய்க்காக ஆளைத் துரத்திற இடத்திலை இருந்து வந்தவன் நான். இஞ்சை அதுக்குக் கை உயர்த்த ஏலாது' எண்டுறார். இருந்திட்டார். என்ரை பிள்ளையின்ரை புடலங்காயும் போச்சுது."

கை உயர்த்தச் சொன்னார்கள். என் கை ஏற்கெனவே பாதியில் நின்றது. அதை அப்படியே கொண்டுபோய்த் தலையைச் சொறிந்தேன். திரும்பிப் பார்த்தால் மற்றத் தமிழ்க் குடும்பங்களும் தலை சொறிகிறார்கள். தீர்மானம் தோற்றுவிட்டது. மூங்கில்காரர் நன்றி சொல்லவில்லை. முகம் இன்னும் சிவந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை அண்ணை கத்தரிக்கோலும் ஏணியுமாக வந்தார். கலியாணப் பெண்ணும் அந்த வரிக் கந்தோர்ப் பெடியனும்கூட வந்து ஓரமாக நின்றார்கள். ஏணியில் காலை வைக்கப் போன நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் வாள் அறுக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால், மூங்கில்காரர் தன் மூங்கில்களை ஒவ்வொன்றாக அறுத்துச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன செய்யிறியள்?" என்று அண்ணை கேட்டார்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், பாதியை வெட்டத்தான் வேண்டும் என்றார் அவர். ஆனால் கம்பியை மட்டும் வெட்டினால் போதும், கொடியை வெட்ட வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. கொடியை இறக்கி வேலிக்கு மேலால் இந்தப் பக்கம் தா, இந்த மூங்கிலால் இங்கே பந்தல் போடுகிறேன், சங்கம் சொன்ன உயரத்துக்கு ஒரு விரல் குறைவாக. சாய்கதிரையை எடுத்து அந்தக் கோடிக்குப் போட்டுவிட்டேன் என்றார்.

எங்கள் எல்லோருக்கும் கையும் காலும் ஓடவில்லை. மணப்பெண் ஏணியில், மாப்பிள்ளை கீழே, நான் பிஞ்சுகளை ஏந்திக்கொண்டு, மனைவி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டு, கல்லுக் கட்டிய நூல்கள் எல்லாம் எங்கள் கழுத்தில் சிக்கி, கொடியை உரிக்காமல் முறிக்காமல் வேலியைத் தாண்டவைத்தோம். மத்தியானம் ஆகும்போது ஒரே கொடி இரண்டு தோட்டத்தில் படுத்திருந்தது. எல்லாம் முடிந்து ரோல்ஸ் தின்னும்போது மூங்கில்காரர் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார். தன் பக்கம் தொங்குகிற காய்கள் தன்னுடையவை.

"வேறென்ன? உங்கடை வேலி, உங்கடை காய்" என்றார் அண்ணை. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் கண்டதே இல்லை.

அண்ணையின் பக்கம் மிஞ்சியது கிழட்டு இலையும் தண்டும். காய்த்தது எல்லாம் அந்தப் பக்கம். ஆகவே கலியாணத்துக்கு முதல்நாள் அவர் பையோடு போய், தன் கையால் முளைக்கவைத்த கொடியின் காய்களைத் தானே காசு கொடுத்து வாங்கினார். மாப்பிள்ளைப் பெடியன் பின்னால் நின்று, விற்பனைக்கு ரசீது தருவீர்களா என்று மூங்கில்காரரைக் கேட்டான். பகிடிக்குத்தான் கேட்டான் என்று மகள் சொல்கிறாள். அந்தப் பெடியன் முகத்தில் பகிடியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கலியாணச் சாப்பாட்டில் புடலங்காய்ப் பால்கறி இருந்தது. மூங்கில்காரர் முதல் வரிசையில் இருந்து இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றார்.

பிறகு எங்கள் சனம் விடுமா? தேவாலய வாசலில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, அந்த மனுசனுக்கு மூளை கலங்கிப் போச்சோ? தான் நட்ட கொடியிலை காய்ச்சதைக் காசு குடுத்து வெள்ளைக்காரனிட்டை வாங்கியிருக்கிறார்!"

லிபரல், பொருளாதாரம், அரசியல் என்று நான் தொடங்கியிருந்தால் பூசை முடிந்தும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன். அதனால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

"வெளியிலை சொல்லிப் போடாதேங்கோ. அது நேர்த்திக்கடன். வேலி தாண்டிக் காய்க்கிற புடலங்காயைக் காசு குடுத்து வாங்கிச் சமைச்சால், அந்த வீட்டிலை நிண்டுபோன கலியாணம் எல்லாம் நடக்குமாம். சனிக்கிழமையிலை போங்கோ, அந்த மூங்கில்காரர் தோட்டத்திலைதான் நிப்பார். ஆனா பேரம் மட்டும் பேசிப் போடாதேங்கோ. பேசினால் பலிக்காது."